என் மனைவி ஊரைவிட்டுப் போய்விட்டாளாம்

எழுத வேண்டியவர்கள் வேறு ஆட்கள். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்குக் குரல் வராது. கடையில் டீ கேட்கக்கூட ஒற்றை விரலைத்தான் காட்டுவேன். அப்படிப்பட்டவன் பக்கம் பக்கமாக எழுதி உங்கள் நேரத்தை எடுப்பது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ள வேண்டும். பேசத் தெரிந்திருந்தால் பேசியே தீர்த்திருப்பேன். பேசாமல் விழுங்கிய கோபம் தொண்டையில் மீன்முள்ளாக நிற்கிறது. சோற்றை உருட்டி விழுங்கிப் பார்த்தாயிற்று, இறங்க மாட்டேன் என்கிறது.

முதலில் எங்கள் கடற்கரை வழக்கத்தைச் சொல்ல வேண்டும். வயல் பக்கத்து ஊர்களில் பெண்ணைக் கட்டிக்கொடுத்தால் அவள் புருஷன் வீட்டுக்குப் போவாள். எங்கள் கரையில் பெரும்பாலும் அப்படி இல்லை. வீடு பெண்ணுக்கு. மூத்தவளுக்குப் பக்கத்தில் ஒரு துண்டு மண்ணும் சின்ன வீடும், கடைசிப் பெண்ணுக்குத் தாய் தகப்பன் இருந்த வீடு. மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவான். எங்கள் அப்பா அப்படி வந்தார், என் அண்ணன்மார் அப்படிப் போனார்கள், நானும் அப்படித்தான் வந்தேன். என் ஊர் மேற்கே, கரையோரமாகவே நடந்தால் அரை நாளில் போய்விடலாம். என் மனைவி அவள் வீட்டில் கடைசிப் பெண். கல்யாணம் முடிந்த மறுவாரம் ஒரு தகரப் பெட்டியோடு நான் அவள் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். அன்றிலிருந்து இந்த ஊரில் பெரியவர்கள் எல்லாருக்கும் நான் ‘மருமவன்’. என் பெயர் அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

வந்த புதிதில் என் ஓட்டை இங்கே மாற்றுவதற்கு எவ்வளவோ அலைந்தேன். மனு எழுதினேன், திரும்ப எழுதினேன், ஒரு தேர்தல் அதிலேயே போயிற்று. அவளுக்கு அந்த அலைச்சல் எதுவும் கிடையாது. பதினெட்டு வயது ஆனதும் பட்டியலில் பெயர் ஏறிவிட்டது, பக்கத்தில் தகப்பன் பெயர். கல்யாணத்துக்குப் பிறகும் அதே வீடு, அதே ஓட்டுச்சாவடி, அதே பள்ளிக்கூடத்து அறை. தகப்பன் பெயரை எடுத்துவிட்டுப் புருஷன் பெயரைப் போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. மற்றப் பெண்கள் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போவார்கள், இவள் அதற்குக்கூட எங்கேயும் போக வேண்டியிருக்கவில்லை. கடல் ஊருக்குள் வந்த அந்த வருஷம் எல்லாரோடும் பள்ளிக்கூடத்தில் தங்கிய நாட்களைத் தவிர, அவள் அந்த வீட்டைவிட்டு வெளியே இருந்ததே இல்லை.

அவள் மகளிர் குழுத் தலைவி. நான் பேசாமல் விட்டதையெல்லாம் சேர்த்து அவள் பேசுவாள். எங்கள் தெரு கடலை ஒட்டிய கடைசித் தெரு. பஞ்சாயத்துக் குடிநீர்க் குழாய் கோயில் முக்கு வரை வந்து அப்படியே நின்றுவிட்டது. அதற்கு இந்தப் பக்கம் இருக்கிற நாங்கள் வண்டித் தண்ணீரை விலைக்கு வாங்குகிறோம். கிணற்றில் ஊறுவது உப்பு. குழாயை நீட்டித் தருகிறேன் என்று பழைய வார்டு மெம்பர் ஒவ்வொரு வருஷமும் திருவிழாவுக்கு முன்னால் சொல்வார். திருவிழா முடியும், கொடி இறங்கும், குழாய் கோயில் முக்கிலேயே நிற்கும்.

இந்த முறை பஞ்சாயத்துத் தேர்தலில் எங்கள் வார்டு பெண்களுக்கு என்று ஒதுக்கியிருப்பதாகத் தகவல் வந்ததும் குழுப் பெண்கள் எங்கள் வீட்டு முற்றத்தில் கூடினார்கள். நான் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

“நீ நில்லுட்டி. ஒனக்குத்தான் வாயி உண்டு.”

“வாயி மட்டும் இருந்தா போருமாக்கா?”

“போரும். தண்ணி வாங்குகதுக்கு வாயிதான் வேணும். மிச்சத்துக்கு நாங்க இருக்கோம்.”

அவள் உள்ளே வந்து என்னைப் பார்த்தாள். “நிக்கட்டா?” என்று கேட்டாள். நான் தலையை ஆட்டினேன். “வாயத் தொறந்து சொல்லுங்க. நாள பின்ன நான் சொல்லலன்னு சொல்லுவிய.” நில்லு என்று சொன்னேன். வெளியே சிரிப்பு கேட்டது.

மறுநாளே இரண்டு பேரும் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனோம். வார்டுவாரியாகப் பிரித்த வாக்காளர் பட்டியலைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். வேட்புமனு கொடுக்க வேண்டுமானால் அந்தப் பட்டியலில் அவளுடைய வரிசை எண் வேண்டும். என் பெயரைச் சட்டென்று கண்டுபிடித்துவிட்டேன். பெயர் சரி, வயது சரி, படம்கூடத் தெளிவாக விழுந்திருந்தது. அவள் பெயர் இல்லை. மேலிருந்து கீழே விரல் வைத்துப் பார்த்தோம், பிறகு கீழிருந்து மேலே. அடுத்த வார்டில் போய்விட்டதோ என்று அதையும் பார்த்தோம். கடைசியில் ஆபீசில் இருந்த பெண் நீக்கப்பட்டவர்கள் தாளை எடுத்துத் தந்தார். அதில் இருந்தாள். பெயர், தகப்பன் பெயர், காரணம்: நிரந்தரமாக இடம்பெயர்ந்தவர்.

அவள் அதை இரண்டு தடவை வாசித்தாள். பிறகு என்னைப் பார்த்து, “நான் எங்க போனேன்?” என்று கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை. பதில் தெரிய வேண்டும் என்பது போலக் கேட்டாள்.

அந்தத் தாளில் அவள் மட்டும் இல்லை. எங்கள் தெருவில் தாய் வீட்டில் இருக்கிற பெண்கள், தகப்பன் பெயரிலேயே ஓட்டு வைத்திருந்தவர்கள், பாதிக்கு மேல் அதில் கிடந்தார்கள். எல்லாருக்கும் அதே காரணம். அவர்களைக் கட்டிக்கொண்டு வெளியூரிலிருந்து வந்த நாங்கள் எல்லாரும் பட்டியலில் பத்திரமாக இருந்தோம்.

சில மாதம் முன்பு பட்டியலைத் திருத்த வீடு வீடாக ஆள் வந்தது எனக்கு நினைவு இருந்தது. ஓட்டுச்சாவடிக்குப் பொறுப்பான அலுவலர், வயல் பக்கத்து ஊர்க்காரர், பள்ளிக்கூட வாத்தியார். எங்கள் வீட்டு வாசலில் நின்று என் பெயருக்கான படிவத்தை மட்டும் கொடுத்தார். அவளுக்கு என்று கேட்டதற்கு, பழைய கதவு எண்ணில் உள்ள படிவங்கள் வேறொரு கட்டுக்குள் இருக்கின்றன, அடுத்த நடை கொண்டுவருகிறேன் என்றார். அடுத்த நடை அவர் எங்கள் தெருவுக்கு வரவே இல்லை. அந்த வேலையை வலைக்கூடத்துக்குப் பக்கத்து டீக்கடையில் வைத்து முடித்துவிட்டார். எங்கள் சந்துகளில் கதவு எண்கள் தாறுமாறாக ஓடுவது உண்மைதான். அதனால் ஊரைத் தெரிந்தவர்களிடம் கேட்பது சுலபம் என்று நினைத்திருக்கிறார்.

பஞ்சாயத்து ஆபீசிலிருந்து நேராக டீக்கடைக்குப் போனோம். கடைக்காரர் என் மாமனாரோடு ஒரே வள்ளத்தில் தொழில் செய்தவர்.

“அண்ணே, பட்டியல் திருத்துன சாரு ஒங்க கடையிலயா இருந்தாரு?” என்று கேட்டாள் என் மனைவி.

“இருந்தாரே. தங்கமான மனுஷன். ரெண்டு டீ குடிச்சாரு, ரெண்டுக்கும் பைசா வச்சிட்டுப் போனாரு.”

“எனக்க பேரச் சொல்லிக் கேட்டாரா?”

“கேட்டாரு. இன்னாருக்க மவ எங்கன்னாரு. கெட்டிக்குடுத்தாச்சுன்னு சொன்னேன்.”

“கெட்டிக்குடுத்தாச்சா?”

“கெட்டிக்குடுக்கலியா பின்ன? ஒனக்க கல்யாணத்துக்குப் பந்தி வெளம்புனவன்லாட்டி நான்! மாப்பிள எந்த ஊருன்னாரு. மேக்கன்னு சொன்னேன். அதும் நெசந்தான?”

“அவரு மேக்கேருந்து இங்க வந்தாச்சுன்னு சொன்னியளா?”

“அத அவரு கேக்கலியே.” கடைக்காரர் கொஞ்சம் தடுமாறினார். “இங்க இருந்த எல்லாருக்கும் தெரியும்லா மக்கா. மெம்பரும் கூடத்தான் இருந்தாரு. அவரும் ஆமா ஆமான்னாரு.”

பெஞ்சில் இருந்த ஒரு வயசாளி என் பக்கம் திரும்பினார். “மருமவனே, இனி ஊரு ஒனக்கு. இவ ஒனக்க வீட்டுக்கு விருந்து வந்தவளாக்கும். நல்ல மீனு வாங்கிக் குடுத்து அனுப்பி வையி.”

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். எனக்குக் கையில் இருந்த டீக் கிளாஸைத் தரையில் அடித்து உடைக்க வேண்டும் போல இருந்தது. கடைக்காரர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை. எழுதியது மட்டும் பொய். ஒரு பெண் உயிரோடு, நாலு சந்து தள்ளி, அடுப்பில் உலை வைத்துக்கொண்டிருக்கிறாள். அவள் ஊரில் இருக்கிறாளா இல்லையா என்பதைப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஆண்களிடம் கேட்டு முடிவு செய்திருக்கிறார்கள். எல்லாக் கட்சியின் முகவர்களும் அதைச் சரிபார்த்ததாகக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அவர்களில் ஒருவன் சின்ன வயதில் எங்கள் வீட்டு முற்றத்தில் என் மனைவியிடம் இரவுப் பாடம் படித்தவன். ஆற்றமாட்டாமல் அவனிடம் அவள் போய்க் கேட்டபோது, “எக்கா, மொத்தமா நீட்டினாவ, மொத்தமா ஒப்புப் போட்டேன்” என்றான்.

மெம்பர் வேண்டும் என்றே தலையாட்டினாரா, டீக்கடைப் பழக்கத்தில் தலையாட்டினாரா என்று எனக்குத் தெரியாது. தெரியாததை எழுத மாட்டேன். ஆனால் வார்டு பெண்களுக்குப் போகும், போனால் அவர் மனைவி நிற்பார் என்கிற பேச்சு அப்போதே ஊரில் இருந்தது.

தாலுகா அலுவலகத்துக்குப் போனோம். ரேஷன் கார்டு, ஆதார், வீட்டு வரி ரசீது, பழைய வாக்காளர் அட்டை, பங்குக் கோயிலில் வாங்கிய கல்யாணச் சான்று எல்லாவற்றையும் ஒரு துணிக்கடைப் பையில் அவள் போட்டு வைத்திருந்தாள். தேர்தல் பிரிவில் இருந்த எழுத்தர் ஒரு படிவத்தை நீட்டினார். புது வாக்காளர் சேர்க்கும் படிவம்.

“நான் புதுசு இல்ல சாரே. பதினெட்டு வயசுலேருந்து ஓட்டுப் போடுகேன்.”

“நீக்கியாச்சுன்னா புதுசா தாம்மா சேரணும். கல்யாணம் ஆயிடுச்சுல்ல? அப்ப வீட்டுக்காரர் அட்ரஸ்ல போடுங்க.”

“வீட்டுக்காரர் எனக்க வீட்டுலதான் இருக்காரு.”

எழுத்தர் முதல் தடவையாக என்னைப் பார்த்தார். “ஓ, வீட்டோட மாப்பிள்ளையா?” என்றார். அடுத்த மேசையில் இருந்தவர் வாயைக் கையால் மூடிக்கொண்டார்.

எங்கள் கரையில் அது ஒரு பரிகாசமே இல்லை. மலைக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற இந்தச் சின்ன மாவட்டத்துக்குள்ளேயே, ஒரு மணி நேர பஸ் தூரத்தில், அது பரிகாசமாகிவிடுகிறது. என் காது சூடாயிற்று. வழக்கம்போலத் தரையைப் பார்த்தேன். அவள் விடவில்லை.

“எங்க கடக்கரையில பாதி ஊரும் வீட்டோட மாப்பிளதான் சாரே. அதுக்குன்னு தனிப் படிவம் இருந்தா தாங்க, எழுதித் தாறேன்.”

“கோவிக்காதீங்கம்மா. நீங்க இடம்பெயர்ந்ததா ரிப்போர்ட் இருக்கு. நான் என்ன பண்ண?”

அப்போது என் வாய் திறந்தது. எப்படித் திறந்தது என்று எனக்குத் தெரியாது. குரல் அளவு மீறி வந்தது, வராந்தாவில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். “போனது அவ இல்ல சார். எடம்பெயர்ந்து வந்தது நான். எனக்க பேர வெட்டிட்டு அந்த எடத்துல அவ பேரப் போடுங்க.”

எழுத்தர் கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்துவிட்டு மிகுந்த பொறுமையோடு பதில் சொன்னார். “அப்படியெல்லாம் மாத்திப் போட முடியாதுங்க. உங்க பேரு கரெக்டா இருக்கு.”

அந்தப் பொறுமையை நான் இன்னும் மறக்கவில்லை. அதட்டியிருந்தால்கூட ஆறியிருப்பேன்.

படிவத்தை நிரப்பினோம். இதற்கு முன் எங்கும் வாக்காளராக இருந்ததில்லை என்கிற மாதிரி ஒரு இடத்தில் குறி போட வேண்டியிருந்தது. அவள் பேனாவை வைத்துவிட்டு, “பொய்யா எழுதச் சொல்லுதிய” என்றாள். எழுத்தர் அந்த இடத்தைத் தாமே டிக் செய்தார். ஆட்சேபணைக்கு அவகாசம் விட வேண்டும், வீட்டுக்கு வந்து விசாரிக்க வேண்டும், மேலே ஒப்புதல் ஆக வேண்டும், பிறகு துணைப் பட்டியலில் வரும் என்றார். அதற்குள் தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் என்று கேட்டோம். “வந்தா பார்க்கலாம்” என்றார். அவர் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? தண்ணீர் வண்டிக்கு வாசலில் குடத்தை வரிசையாக வைத்துக் காத்திருப்பது அவர் வீடு இல்லை.

விசாரணைக்கு வந்தவர் அதே வாத்தியார். இந்த முறை டீக்கடையில் நிற்கவில்லை, வழி கேட்டு வீட்டுக்கே வந்தார். கதவைத் திறந்தது அவள். “நான்தான் சார் எடம்பெயர்ந்தவ. வாங்க, இரிங்க” என்றாள். மனிதர் வாசலிலேயே செருப்போடு நின்றுவிட்டார். உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டோம். சுவரில் அவள் தாய் தகப்பன் படமும் எங்கள் கல்யாணப் படமும் ஒரே ஆணிவரிசையில் தொங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“எங்க ஊருல பொண்ணக் கெட்டிக் குடுத்தா அவ போயிருவால்லா. அந்த நெனப்புலயே எழுதிட்டேம்மா. தப்புதான்.”

“ஒரு தடவ கதவத் தட்டியிருந்தா, நான்தான சார் வந்து தொறந்திருப்பேன்?”

அவர் கையிலிருந்த படிவங்களை அடுக்கி நேராக்கினார். பள்ளிக்கூடம் முடிந்த பிறகுதான் இந்த வேலைக்கு நேரம், கையில் ஏகப்பட்ட வீடுகள், மேலே இருந்து தினமும் எவ்வளவு முடிந்தது என்று போன், இதையெல்லாம் அப்புறம் மெதுவாகச் சொன்னார். எல்லாப் பெண்களின் மனுவையும் பரிந்துரைத்து அன்றே அனுப்புகிறேன் என்றார், அனுப்பவும் செய்தார். அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். ஒருத்தர் தலையில் போட்டுத் திட்டித் தீர்த்திருக்கலாம். டீக்கடைக்காரர் நல்லவர், வாத்தியார் நல்லவர், எழுத்தர் பொறுமைசாலி, முகவன் எங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி. இத்தனை நல்லவர்கள் சேர்ந்துதான் ஒரு தெருப் பெண்களை ஊரைவிட்டு அனுப்பிவைத்தார்கள்.

தேர்தல் அறிவிப்பு வந்தது. துணைப் பட்டியல் வரவில்லை. ஒவ்வொரு நாளும் அவள் போனில் பார்ப்பாள். பரிசீலனையில் உள்ளது என்று வரும். வேறு யாராவது நிற்கட்டும் என்று பெயர் உள்ள பெண்களைக் கேட்டுப் பார்த்தாள். ஒருத்தி, “எனக்குப் பேச வராது மைனி” என்றாள். இன்னொருத்திக்குப் புருஷன் ஆழ்கடலுக்குப் போயிருந்தான், அவனைக் கேட்காமல் முடியாது. மூன்றாமவள் வெளிப்படையாகச் சொன்னாள்: “மெம்பருக்கு எதிரா நான் நின்னா, எனக்க மாமியாருக்க பென்சன் மனுவ யாரு தூக்கிட்டுப் போவா?” அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. என் மனைவி யாரையும் வற்புறுத்தவில்லை.

அந்த நாட்களில் ஒரு சாயங்காலம் மெம்பர் என்னை வழியில் நிறுத்தினார். தோளில் கை போட்டார். “மருமவனே, கேள்விப்பட்டேன். பாவம், பேரு விட்டுப்போச்சாமே. அடுத்த தடவ பாத்துக்கிடலாம், கேட்டியா?”

நான் கையைத் தள்ளிவிட்டேன். அவ்வளவுதான் செய்தேன். வீடு வருவதற்குள் சொல்ல வேண்டிய வார்த்தைகள் அத்தனையும் வந்தன. யாரும் இல்லாத சந்தில் அவற்றைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே நடந்தேன்.

வேட்புமனு வாங்கும் கடைசி நாள் காலையிலும் போனில் அதேதான் வந்தது. அவள் குளித்து, கோயிலுக்குப் போகிற சேலையை உடுத்தி, அந்தத் துணிக்கடைப் பையை எடுத்தாள்.

“எங்க?” என்றேன்.

“மனு குடுக்க.”

“நம்பர் இல்லாம எப்பிடிக் குடுப்ப? தள்ளிருவானுவ.”

“தள்ளட்டு. டீக்கடையில வச்சுச் சொன்னதுக்கு ஒரு எழுத்தும் எனக்குக் கிடைக்கல. இத எழுதித் தள்ளட்டு. என்னத்துக்குத் தள்ளினாவன்னு ஒப்பு வச்ச தாளு எனக்கு வேணும். முன்மொழிய ஒரு ஆளு வேணும், வார்டுல பேரு உள்ள ஆளு. வாறியளா, மருமவனே?”

தெருப் பெண்கள் வாசலில் நின்றார்கள். எல்லாருமாகப் பஞ்சாயத்து ஆபீசுக்கு நடந்தோம். கோயில் முக்கில் குழாய் திறந்து கிடந்து தண்ணீர் ஓடையில் போய்க்கொண்டிருந்தது. ஒருத்தி போய் அதை மூடிவிட்டு வந்தாள்.

மனு வாங்கும் அதிகாரி வரிசை எண் என்ன என்று கேட்டார். அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டிருக்கிறேன் என்றாள். “இது செல்லாதும்மா. வீணா எதுக்கு?” என்றார். “வாங்க மாட்டேன்னு எழுதித் தாறியளா? இல்லன்னா வாங்குங்க” என்றாள். அவர் உள்ளே போய் யாருக்கோ போன் செய்துவிட்டு வந்து மனுவை வாங்கி ரசீது கொடுத்தார். முன்மொழிபவர் என்ற இடத்தில் என் பெயரையும், பட்டியலில் உள்ள என் வரிசை எண்ணையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த எண்ணை எழுதும்போது எனக்கு வந்த வெறுப்பை எதோடும் ஒப்பிடத் தெரியவில்லை. பேனா தாளைக் கிழித்துவிட்டது. அதிகாரி கிழிந்த இடத்தைத் தடவிப் பார்த்து, பரவாயில்லை, படிக்க முடிகிறது என்றார்.

மறுநாள் மனுக்களைப் பரிசீலித்தார்கள். வார்டு வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லை என்று காரணம் எழுதி அவள் மனுவை நிராகரித்தார்கள், கேட்டபடி தாளும் கொடுத்தார்கள். எங்கள் வார்டுக்கு மீதி இருந்தது மெம்பர் மனைவியின் மனு ஒன்றுதான். மத்தியானம் தண்ணீர் வண்டி வந்தது, பிடித்து வைத்துவிட்டு நான் ஐஸ் பிளாண்டுக்கு வேலைக்குப் போனேன்.